ஊசி விழாத நாள்

அரசாங்கத்திடமிருந்து பழுப்பு உறை வந்தால் ஆம்ப்ரோஸ் பயந்துபோவார். உள்ளே தண்ணீர்க் கட்டண நினைவூட்டல் இருந்தாலும் சரி, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லும் கடிதம் இருந்தாலும் சரி, பிரிக்க மாட்டார். மேசைமேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி ஒரு காப்பி குடித்து, பிறகு மனைவி பிரிஜட்டைக் கூப்பிட்டு "நீயே பாரு" என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு பிரிப்பாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒரு உறையிலாவது அவரைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி எழுதியிருந்ததா என்றால் இல்லை. ஆனாலும் அடுத்த உறைக்கும் அதே கலக்கம்தான்.

இந்தப் பயம் அப்பா விட்டுப்போன சொத்து. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து நகராட்சிக் கூலியானவர். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் கூலி லைனில் ஒற்றை அறையில் ஏழு பேரை வைத்து வளர்த்தார். மகனுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தது அம்மா. அப்பா சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்: துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நிற்கக் கூடாது. சாக்கடையில் பாம்பு வந்தாலும் கை நிற்கக் கூடாது. நின்றால் கங்காணி மண்டோர் பெயரை அடித்துவிடுவான், அன்றைக்குச் சோறு கிடையாது. ஆம்ப்ரோஸ் பதினாறு வயதில் சாக்கடை வாரப் போனபோது துரைமார் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். துரைகள் போனார்கள். பாடம் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

சாக்கடையிலிருந்து குப்பை லாரிக்கு வந்தார். எழுபத்து மூன்றில் எண்ணெய் விலை எகிறியபோது ஊரெல்லாம் மின்சாரத்தைச் சேமி, பெட்ரோலைச் சேமி என்று ஒரே பேச்சு. தீவே இருட்டில் மூழ்கப்போகிறது என்று ஆம்ப்ரோஸ் ஒரு பெட்டி மெழுகுவத்தி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தீவு மூழ்கவில்லை. மெழுகுவத்தியைப் பல்லி நக்கியது. ஆனால் மேலே இருந்தவர்களுக்கும் கொஞ்சம் பயம் தட்டியிருக்க வேண்டும். குப்பையைப் புதைக்க இடமில்லை, எண்ணெய்க்கும் நம்பிக்கையில்லை, அதனால் குப்பையை எரித்து அந்தச் சூட்டில் கரண்ட் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து பாதி போட்டது. மீதி, வெளிநாட்டு வங்கி ஒன்றின் கடன். சில வருடங்களில் தீவின் மேற்கே புகைபோக்கி எழுந்தது. லாரி ஆட்களில் கை நிதானமானவர்களைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். ஆம்ப்ரோஸை கிரேனில் உட்கார வைத்தார்கள்.

அந்த இடத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பள்ளம், பத்து மாடி ஆழம் என்று ஆட்கள் அளப்பார்கள், அவ்வளவு இருக்காது. லாரிகள் ஒரு பக்கமாக வந்து ஊர்க் குப்பை முழுவதையும் அதில் கொட்டும். பள்ளத்துக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் ஆம்ப்ரோஸ். அவர் நெம்புகோலை அசைத்தால் ஆறு விரல் கொண்ட இரும்புக் கை கீழே இறங்கிக் குப்பையை அள்ளும். மேலே தூக்கி, நகர்த்தி, உலையின் வாய்க்கு மேல் கொண்டுவந்து விரலை விரித்தால் குப்பை உள்ளே போகும், கீழே நெருப்பு. நெருப்பு குறைந்தால் நீராவி குறையும், நீராவி குறைந்தால் கரண்ட் குறையும். எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்ட ஒரு பெரிய வட்ட முகப்பும் அதில் ஒரு சிவப்பு ஊசியும் உண்டு. கேஸ் சிலிண்டர், பெயின்ட் டின் மாதிரி வெடிக்கிற சாமான் எதுவும் விரலில் மாட்டினால், இடது கைப்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடிக்கும், எல்லாம் நிற்கும், ஆள் வந்து பார்ப்பான். ஆம்ப்ரோஸைப்போல் பயந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான பொத்தான் உலகத்தில் கிடையாது. மாதத்துக்கு நாலைந்து தடவையாவது அழுத்திவிடுவார்.

இதற்குள் குடும்பம் பிடோக் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோயிருந்தது. அங்கேதான் இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. கத்தோலிக்க வீடுகளில் ஃபாதர் செபித்து மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. உடைந்த சுரூபம் என்கிற புனிதர் சிலை, கிழிந்த மாதா படம், போன வருடத்துக் குருத்தோலை, அறுந்த செபமாலை, எதுவானாலும் ஒன்று மண்ணில் புதைக்க வேண்டும், இல்லை எரிக்க வேண்டும். கம்பம் என்கிற கிராமக் குடியிருப்பில் இருந்தவரைக்கும் பின்கட்டில் ஒரு குழி தோண்டினால் போதும். ஒன்பதாவது மாடியில் குழிக்கு எங்கே போவது? தாழ்வாரத்தில் நெருப்பு வைத்தால் அபராதம். பிரிஜட்தான் வழி கண்டுபிடித்தாள். "எங்க வீட்டுக்காரருகிட்ட குடுங்க. ஊர்லயே பெரிய அடுப்பு அவரு கையிலதான் இருக்கு" என்று கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

கேட்கவா வேண்டும்! சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலங்கள் வீட்டுக்கு வந்தன. ஆம்ப்ரோஸ் பையில் போட்டு எடுத்துப்போவார். பள்ளத்தின் விளிம்பில் தன் கையாலேயே வைப்பார், மேலே ஏறி அந்த அள்ளலை மட்டும் மெதுவாகத் தூக்குவார், சிலுவை போட்டுக்கொண்டு விரலைத் திறப்பார். ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ரவூப் இதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார். ரவூப் இங்கேயே பிறந்த தமிழ் முஸ்லிம், ஆம்ப்ரோஸைவிடப் பத்து வயது இளையவர், படித்தவர். பழைய வேதத்தாளை எங்க பள்ளிவாசலிலும் கண்ட இடத்தில் போட மாட்டோம் அண்ணே என்று ஒரு நாள் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எண்பத்து மூன்றாம் வருடத் தவக்காலத்தில் ரவூப் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். இரண்டாவது ஆலை ஒன்று கட்டப் போகிறார்கள், இதைவிடப் பெரியது. அரசாங்கம் தன் பங்கை ஒதுக்கிவிட்டது. மீதிக்கு மறுபடி அந்த வங்கிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முதல் ஆலை சொன்ன கரண்ட்டைத் தருகிறதா என்று பார்க்க வங்கி ஆட்கள் புதன்கிழமை வருகிறார்கள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நிற்பார்கள்.

"அந்த ரெண்டு மணி நேரம் ஊசி விழக் கூடாது," என்றார் ரவூப். "விழுந்துச்சுன்னா ரெண்டாவது ஆலையை மறந்துட வேண்டியதுதான்."

பிறகு ஆம்ப்ரோஸைத் தனியாகக் கூப்பிட்டார். புது ஆலைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவர் பெயர் இருப்பதாகவும், நாள் சம்பளத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார். அதோடு மெல்லிய குரலில், இந்த வாரம் கோயில் பொட்டலம் எதுவும் வேண்டாம் என்றார். சும்மா சும்மா மணியை அடித்துவிடவும் வேண்டாம் என்றார்.

ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போய் அதை மூன்று மடங்காக்கிச் சொன்னார். ஒரு மெழுகுவத்தித் துண்டுகூட யாரிடமும் வாங்கக் கூடாது, யாராவது கதவைத் தட்டினால் திறக்கவே கூடாது. பிரிஜட் சரி சரி என்றாள்.

புதன்கிழமை வந்தது. காலையில் நாலு தடவை கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் கூண்டில் ஏறினார். பத்து மணிக்கு முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆட்கள் வந்து நின்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் நிழல் தெரிந்தது. டை கட்டிய அதிகாரிகள், நடுவில் இரண்டு வெள்ளைக்காரர்கள். ரவூப் கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். முதுகில் வேர்வை ஊற்றியது. ஆனால் கை நன்றாகத்தான் ஓடியது. அள்ளு, தூக்கு, நகர்த்து, திற. ஒரு மணி நேரம் போனது, ஊசி அசையவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போனால் தப்பித்தோம் என்று மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னார்.

பதினொன்று இருக்கும். இரும்புக் கை ஈரக் குப்பையை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. விரல்களுக்கு இடையில் ஒரு பாயும் கைலித் துணியும் சிக்கித் தொங்கின. துணி வழுக்கி விலகியது. உள்ளே ஒரு கை இருந்தது.

மனிதக் கை. முழங்கைக்குக் கீழே தெரிந்தது, மேலே பாய்க்குள் போயிருந்தது. தோல் நிறம், குப்பைத் தண்ணீரில் பளபளவென்று. ஐந்து விரலும் லேசாக மடங்கி, யாரையோ நில் என்று சொல்கிற மாதிரி இருந்தன.

சிவப்புப் பொத்தான் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் மணி அடிக்கும். எல்லாம் நிற்கும், ஊசி விழும். பிறகு போலீஸ், பிறகு பத்திரிகை. இரண்டாவது ஆலை போய்விடும், ரவூப் போய்விடுவார், மாதச் சம்பளம் போய்விடும். பின்னால் கண்ணாடியில் இரண்டு வெள்ளை முகங்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. நாலு விநாடி, மிஞ்சினால் ஐந்து. இரும்புக் கை உலை வாய்க்கு மேல் வந்தது. விரல்கள் விரிந்தன. பாயும் கைலியும் அந்தக் கையும் உள்ளே போயின.

தன் கை தானாகவே போய்த் திறந்துவிட்டது என்று பிற்பாடு அவர் தனக்குள்ளேயே பல தடவை சொல்லிப் பார்த்தார். சொல்லத்தான் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வெள்ளைக்காரர் ஒருவர் கூண்டுக் கதவைத் திறந்து அவருக்குக் கை கொடுத்தார். ஊசி விழவே இல்லை. ஆம்ப்ரோஸ் நேராகக் கழிப்பறைக்குப் போய், வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் சாம்பல் வந்து விழும் இடத்துக்குப் போய் நின்றார். என்ன தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கறுத்த ஆணி, டப்பா மூடி, கம்பி, ஈரச் சாம்பல். அங்கே வேலை செய்த ஆள் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்றார். ஒரே ஒரு நூல் நுனி மிச்சம் இருந்தது: அது சுரூபமாக இருக்கலாமே? ஆனால் பொட்டலங்களை அவர்தான் கொண்டுபோவார், வேறு யாரும் போட மாட்டார்கள், இந்த வாரம் அவர் எதையும் கொண்டுபோகவில்லை. ஆட்கள் கொண்டுவருவதும் சாண் உயரச் சுரூபங்கள்தான். அது ஆள் கை. இருந்தாலும் அரிசி களைந்துகொண்டிருந்த பிரிஜட்டிடம், இந்த வாரம் கோயில் ஆட்கள் யாரும் எதுவும் கொடுக்கவில்லையே என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். இல்லையே, நீங்கதான் வேணாம்னுட்டீங்களே என்றாள் அவள், திரும்பாமலே. நூல் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓபீர் ரோடு மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு, வழக்கம்போல் கறி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனார்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் விற்கிற ஆமினா பீவி, வந்தவர்களையெல்லாம் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் இப்ராஹீமைப் பார்த்தீர்களா? அந்த மனிதரை எல்லாருக்கும் தெரியும். அறுபது வயதிருக்கும், கொஞ்சம் புத்தி பிசகியவர். கடைகளுக்குப் பின்னால் சந்துகளில் அட்டைப்பெட்டி பொறுக்குவார், தங்கச்சி வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போகாமல் குப்பைக் கொட்டகையிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆளைக் காணோம். பாயையும் காணோம்.

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். தேக்காக் குப்பை விடியற்காலையில் லாரியேறி எங்கே வருகிறது என்பது அவருக்குத் தெரியாதா? வருடக்கணக்கில் அந்த லாரியில் தொங்கியவர்தானே!

"நீங்க குப்பை லாரியில இருந்தவருதானே அண்ணே," என்றார் ஆமினா பீவி. கண் வீங்கியிருந்தது. "உங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேக்குறேன்மா," என்றார் ஆம்ப்ரோஸ். பிரிஜட் கொத்தமல்லியை வாங்கிப் பையில் போட்டாள்.

அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார்களே. அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல! தமிழ்ப் பேப்பரை வாங்கி முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை வரி விடாமல் பார்ப்பார். பிளாக்குக்குக் கீழே போலீஸ் வண்டி நின்றால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார், பிரிஜட் தட்டினால் வயிறு சரியில்லை என்பார். ஒரு நாள் லிஃப்டில் கைலி கட்டிய கிழவர் ஒருவர் கூட ஏறினார். பாவம், யாரோ மலாய்க்காரர். ஆம்ப்ரோஸ் மூன்றாவது மாடியிலேயே இறங்கி மீதி ஆறு மாடியையும் படியேறிப் போனார்.

வேலையிடத்தில் இன்னும் மோசம். ரப்பர் கையுறைக்கு மணி அடித்தார், பொம்மைக்கு அடித்தார். உரித்த கோழிக்கால்கள் ஒரு கொத்தாகத் தெரிந்தபோது பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரே ஷிஃப்டில் பதினோரு தடவை ஆலை நின்றது. ரவூப் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். திட்டத்தான் வந்திருப்பார். ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்ததும் திட்டவில்லை.

"என்னண்ணே ஆச்சு? உடம்புக்கு முடியலன்னா டாக்டர்கிட்ட எம்.சி. வாங்கி லீவு எடுங்க லா."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார் ஆம்ப்ரோஸ். அதற்குள் ரவூப்பே சந்தோஷமாக ஆரம்பித்துவிட்டார். வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். இப்படி நிற்காமல் ஓடிய ஆலையைப் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். கடன் உறுதி, அரசாங்கத்தின் பங்கோடு சேர்த்து வருடக் கடைசியில் அடித்தளம் போடுகிறார்களாம். ரவூப்பின் மனைவி முழுகாமல் இருந்தாள், மூன்றாவது பிள்ளை. அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். திறந்த வாயை ஆம்ப்ரோஸ் மூடிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பழுப்பு உறை வந்தது.

மேசைமேல் இருந்த அதைப் பார்த்ததும், சரி, முடிந்தது என்று நினைத்தார். போலீஸ்தான். கண்டுபிடித்துவிட்டார்கள். பிரிஜட் வழக்கம்போல் எடுத்துப் பிரிக்கப்போனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரிக்காத. அதுல இருக்கறத நீ படிக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன்."

சொன்னார். பாய், கைலி, விரல்கள், வெள்ளைக்காரர்கள், ஆமினா பீவியின் வீங்கிய கண், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள், மூக்கு ஒழுகச் சின்னப் பிள்ளையைப்போல் அழுதார். பிரிஜட்டின் முகம் வெளுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, என்னங்க," என்றாள். "அது சவேரியாருங்க."

ஆம்ப்ரோஸுக்கு விளங்கவில்லை. பிரிஜட் திக்கித் திக்கிச் சொன்னாள். நாலாவது மாடி அல்போன்சம்மாள் சாங்கிப் பக்கம் கம்பத்தில் இருந்தவர். அங்கே சின்னதாக ஒரு சிற்றாலயம் இருந்தது. புது விமான நிலையத்துக்கு நிலம் எடுத்தபோது அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்து அதை இடித்தது. உள்ளே இருந்த ஆளுயரச் சவேரியார் சுரூபத்தை லாரியில் ஏற்றும்போது வலது கை ஒடிந்துவிட்டது. சுரூபம் வேறு கோயிலுக்குப் போனது, அங்கே புதுக் கை வைத்தார்கள். பழைய கையை என்ன செய்வது? நல்ல மரத்தில் செதுக்கிச் சாயம் பூசிய கை, மந்திரித்தது. அல்போன்சம்மாள் அதை அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தார். பெயின்ட் அடிக்க ஆள் வரவும், அந்தத் திங்கட்கிழமை கொண்டுவந்து பிரிஜட்டிடம் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல பிரிஜட்டுக்கு வாய் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வைத்துவிட்டு அன்றிரவு பொட்டுத் தூக்கம் இல்லை. கட்டிலுக்குக் கீழே ஒரு கை கிடந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? எப்படியும் எல்லாக் குப்பையும் அவருடைய அடுப்புக்குத்தானே போகிறது, வேறெங்கேயும் போகாதே, பின்னே என்ன என்று, செவ்வாய்க்கிழமை ஒரு கைலியில் சுற்றி, பழைய பாயில் உருட்டி, கீழே குப்பைத் தொட்டியில் வைத்து, சிலுவையும் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"கேட்டேனே அன்னிக்கு," என்றார் ஆம்ப்ரோஸ்.

"திட்டுவீங்கன்னு பயந்து இல்லேன்னுட்டேன்."

அந்த நிமிடமே கீழே இறங்கி அல்போன்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆமாம் என்றார் அந்த அம்மாள். வலது கை, ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி விரல் மடங்கியிருக்கும், சுண்டுவிரல் நுனியில் சாயம் உதிர்ந்திருக்கும். ஏன், எரிக்கவில்லையா என்று கேட்டார். எரித்துவிட்டோம் என்றாள் பிரிஜட். வெளியே வந்து லிஃப்டில் நின்றுகொண்டு அவள் சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள், அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள். வீட்டுக்குப் போய் உறையையும் பிரித்தாள். மாதச் சம்பளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், ஜூன் முதல் தேதியிலிருந்து.

அடுத்த வாரத்தில் இப்ராஹீமும் கிடைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பாயும் கையுமாகக் கேலாங் வரை நடந்து போயிருக்கிறார், சைக்கிள்காரன் ஒருவன் இடித்துத் தள்ளியிருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லத் தெரியாமல் கிடந்திருக்கிறார். ஆமினா பீவி ஆம்ப்ரோஸைக் கண்டதும் ஓடிவந்து, ஒரு கட்டுக் கறிவேப்பிலையைக் காசு வாங்காமல் பையில் திணித்தார். நீங்கள் நாலு பேரிடம் கேட்ட புண்ணியம்தான் அண்ணே என்றார். ஆம்ப்ரோஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ரவூப்பிடம் பிரிஜட்டே கதையைச் சொன்னாள். ரவூப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்க சவேரியார் வந்துதான் ஊசியைப் பிடிச்சிருக்காரு அண்ணே என்றார். ஆலை முழுவதும் அந்தப் பேச்சு பரவியது. தெரிந்தவர்கள் ஆம்ப்ரோஸைப் பார்த்தால் வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்கள். அவரும் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஆனால் தூக்கம் திரும்பவில்லை. போலீஸ் வண்டிக்கு இப்போது பயமில்லை, பேப்பருக்குப் பயமில்லை. பயம் வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தது. சாப்பிடும்போது தன் வலது கையைப் பார்ப்பார். பேத்தி மடியில் ஏறினால் இடது கையால்தான் அணைப்பார். அதுதான் மரக்கையென்று தெரிந்துபோயிற்றே, இன்னும் என்ன பயம் என்று பிரிஜட் ஒரு நாள் எரிந்து விழுந்தாள். அவரிடம் பதில் இருந்தது, அவளிடம் சொல்கிற பதிலாக இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனார். பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீள வரிசை. தன் முறை வந்ததும் முழந்தாளிட்டார். வலைக்கு அந்தப்பக்கம் ஃபாதர் இயேசுதாசன், வயதானவர், களைத்திருந்தார். ஆம்ப்ரோஸ் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார், ஒன்றையும் விடவில்லை. ஃபாதருக்கு இந்தக் கதை ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது போலும், மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மந்திரித்த பொருளை எரிப்பது முறைதான் என்றார். அந்த மனிதரும் உயிரோடு கிடைத்துவிட்டார், மனைவி பொய் சொன்னதை மன்னித்துவிடுங்கள், நிம்மதியாகப் போங்கள் என்றார்.

ஆம்ப்ரோஸ் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னப்பா? யாரும் சாகலையே. இதுல உங்க பாவம் எது?"

ஆம்ப்ரோஸ் வலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அது மரம்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது ஃபாதர். ஆளுன்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டேதான் திறந்தேன்."